ட்ரெய்லர் வாங்குமுன் ஸ்டிக்கரைப் படியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடான ட்ராவல் ட்ரெய்லரை முதல்முறை வாங்குபவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு அழகாக இருந்தன. சமையல் மேடையின் நிறம், இழுத்தால் கட்டிலாகிவிடும் சோபா, சுவரில் நெருப்பு எரிவதுபோல் காட்டும் மின்சாரப் பெட்டி என்று இரண்டு பக்கத்துக்கு ஓடிய கட்டுரையில், எடையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘உங்கள் வண்டியால் இழுக்க முடியுமா என்று விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.’ அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட அமெரிக்காவில் ட்ரெய்லர் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வெகுகாலமாக வேலை செய்கிறேன். விற்கிற வேலை எனக்குத் தெரியாது. விற்ற பிறகு நடப்பது நன்றாகத் தெரியும். மேடையின் நிறம் பிடிக்கவில்லை என்று இதுவரை யாரும் எங்களிடம் வந்ததில்லை. எடையோ தண்ணீரோதான் பெரும்பாலானவர்களைப் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

முதலில் எடை. விற்பனையாளரிடம் கேட்டால் அவர் உங்கள் வண்டியின் மாடலைப் பார்த்துவிட்டு, ‘உங்கள் பிக்கப் 3,800 கிலோ இழுக்கும், இந்த ட்ரெய்லர் 2,200 கிலோதான், தாராளமாகப் போகலாம்’ என்பார். இரண்டு எண்ணுமே உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் உங்களுக்கு வேண்டிய எண்கள் அவை இல்லை.

அந்த 2,200 என்பது காலி எடை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது உள்ள எடை. பேட்டரி, சிலிண்டரில் உள்ள கேஸ், தொட்டித் தண்ணீர், பாத்திரம், படுக்கை, நாற்காலி, துணிமணி எதுவும் அதில் சேராது. நீங்கள் ட்ரெய்லரைக் காலியாக இழுத்துக்கொண்டு போகப்போவதில்லையே. பார்க்க வேண்டியது ட்ரெய்லரின் உச்ச எடை. ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகும் அதைத் தாண்டக் கூடாது என்று தயாரிப்பாளர் வைத்த வரம்பு அது. வெளியே இடது பக்கச் சுவரில், முன் பகுதியில் ஒரு சின்ன ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் விற்கும் ட்ரெய்லர்களில் வாசல் கதவுப் பக்கம் இன்னொரு ஸ்டிக்கரும் இருக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை கிலோ சாமான் ஏற்றலாம், தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அதன் எடை எவ்வளவு என்று இரண்டையும் அதில் பார்க்கலாம். பெயரில் ‘அல்ட்ரா லைட்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறதா, அதைப் படிக்கவே வேண்டாம்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டகத்தில் டயர் அழுத்தம் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஏறும் ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி. இதைத்தான் நாங்கள் பேலோட் என்போம். ட்ரெய்லரின் மூக்கு எடை, அதாவது ட்ரெய்லரை வண்டியோடு மாட்டும் ஹிட்ச் என்ற இணைப்பின் பந்தின் மேல் உட்காரும் எடை, முழுக்க இந்தக் கணக்கில்தான் விழும். அது ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். பெரும்பாலான பிக்கப்புகளில் இழுவைத் திறன் தீர்வதற்கு வெகு முன்பே பேலோட் தீர்ந்துவிடும். இதை யாரும் கடையில் சொல்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் ஸ்டிக்கரில் 640 கிலோ என்று இருக்கிறது. ஓட்டுநர் உட்பட இரண்டு பெரியவர்கள், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர், 240 கிலோ. பின்னால் சைக்கிள், ஜெனரேட்டர், கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து 80. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் மாட்டினால் அதுவே ஏறக்குறைய 40. மிச்சம் 280 கிலோ. விளம்பரத் தாளில் ட்ரெய்லரின் மூக்கு எடை 240 என்று போட்டிருக்கும். அப்பாடா, போதும் என்று தோன்றும். ஆனால் அது காலி ட்ரெய்லரின் மூக்கு. பயணத்துக்குக் கிளம்பும்போது அந்த 2,200 கிலோ ட்ரெய்லர் 2,800 ஆகியிருக்கும். அதில் 13 சதவீதம் 364 கிலோ. ஆக, 84 கிலோ அதிகம். இழுவைத் திறனில் இன்னும் 1,000 கிலோ பாக்கி இருக்கிறது, பேலோடில் கடன் விழுந்துவிட்டது.

அந்த ஹிட்ச் மூக்கு எடையில் கொஞ்சத்தை வண்டியின் முன் சக்கரத்துக்கும் ட்ரெய்லரின் சக்கரத்துக்கும் தள்ளிவிடும்தான். நல்ல சாதனம், கட்டாயம் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பிக் கணக்கைத் தொடங்கக் கூடாது. ஹிட்ச் பொருத்தும் குழாய்க்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: கடைக்குப் போவதற்கு முன்னால் எடை மேடைக்குப் போங்கள். நெடுஞ்சாலை ஓரம் லாரிகள் நிற்கும் இடங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். கார், பிக்கப்பையும் நிறுத்தி எடை பார்க்கலாம். எரிபொருள் நிரப்பி, குடும்பத்தை ஏற்றி, வழக்கமாகக் கொண்டுபோகும் சாமானையும் ஏற்றி நிறுத்துங்கள். ஒவ்வொரு அச்சின் மேலும் எத்தனை என்று அச்சடித்த சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ட்ரெய்லர் பார்க்கக் கிளம்பினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ‘எவ்வளவு இழுக்கும்’ என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. ‘ஏற்றிய பிறகு மூக்கு எடை இவ்வளவுக்குள் வரும் ட்ரெய்லரைக் காட்டுங்கள்’ என்று சொல்லலாம். முதல்முறை வாங்குபவர்களில் பலர் ட்ரெய்லரை வாங்கிவிட்டு, ஒரு வருடத்தில் அதை இழுக்கப் பெரிய வண்டி வாங்குகிறார்கள். விற்பவருக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

மூக்கு கனக்கிறது என்று சாமானையெல்லாம் பின்னால் தள்ளி வைப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். மூக்கு எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்துபோகும்போதோ, இறக்கத்தில் வேகம் கூடும்போதோ ஒரு சின்ன அசைவாகத்தான் ஆரம்பிக்கும். அப்போது கால் தானாகவே பிரேக்கைத் தேடும். மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டிக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியால் ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் போட்டால் அது பின்னால் இழுபட்டு நேராகும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கை பழகியிருக்க வேண்டும். வண்டியில் கன்ட்ரோலர் இல்லையென்றால் அதைப் பொருத்தும் செலவையும் ட்ரெய்லர் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

போன வருடம் ஒரு தம்பதி பழைய ட்ரெய்லர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் வாங்கியிருந்தார்கள். ‘பின்பக்க அலமாரிக் கதவு சரியாக மூடவில்லை, கீலை மட்டும் மாற்றிக் கொடுங்கள்’ என்றார் அந்த அம்மா. கீலில் ஒரு கோளாறும் இல்லை. அலமாரிக்குள் தலையை நுழைத்து, கூரையும் சுவரும் சேரும் மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். புதிதாக ஒட்டிய சுவர்த்தாள். மேலே ஒரு சுருக்கம்கூட இல்லை. விரல் அப்படியே உள்ளே போனது. தாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த பிளைவுட் நனைந்த அட்டைப்பெட்டி போல அடுக்கடுக்காகக் கழன்று வந்தது. சட்டத்தில் இருந்த திருகாணியைத் திருப்பவே தேவையில்லை, விரலால் இழுத்தாலே வந்துவிட்டது. மூலை இறங்கிவிட்டதால்தான் கதவு மூடவில்லை. பின்சுவரைக் கழற்றாமல் வேலை தொடங்கவே முடியாது என்று நான் சொன்னபோது, அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

கூரையில் ஒரு சின்ன வெடிப்பு, அவ்வளவுதான் காரணம். ட்ரெய்லர் கூரை பெரும்பாலும் ரப்பர் வகையாகவோ பிளாஸ்டிக் வகையாகவோ இருக்கும். இ.பி.டி.எம்., டி.பி.ஓ. என்பார்கள். கூரைத் தாள் சாதாரணமாக ஒழுகுவதில்லை. காற்றுப்போக்கி, ஏ.சி., குளியலறைக்கு மேலே உள்ள கண்ணாடி என்று எங்கெல்லாம் கூரையில் துளை போட்டிருக்கிறார்களோ, அங்கே இடுக்கை அடைக்கப் பூசிய சீலன்ட் பசை வெயிலில் காய்ந்து வெடிக்கும். வருடத்துக்கு இரண்டு முறையாவது ஏணி போட்டு ஏறிப் பார்த்து, வெடித்த இடத்தில் மறுபடி பூச வேண்டும். பார்க்காமல் விட்டால், சொட்டு உள்ளே விழுந்து உங்கள் கண்ணில் படுவதற்கு வெகு நாள் முன்பே சுவருக்குள் மரம் ஊறியிருக்கும்.

அதனால் பழைய ட்ரெய்லர் பார்க்கப் போகிறவர்கள் ஏணி கேளுங்கள். ‘கூரையெல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று வாயால் சொல்லி ஏணியைக் காட்டாதவரிடம் நான் வாங்க மாட்டேன். உள்ளே போனதும் கதவு, ஜன்னலைச் சாத்தச் சொல்லி மூச்சை இழுத்துப் பாருங்கள். புழுக்க வாடை அடித்தால் தெரிந்துவிடும். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒவ்வொரு அலமாரியின் உள் மூலையையும், ஜன்னலுக்குக் கீழ்ப்பகுதியையும் விரலால் அழுத்துங்கள். கழிப்பறை ஓரத்திலும் வாசல் அருகிலும் குதிகாலை ஊன்றி நின்று பாருங்கள், தரை அமுங்கக் கூடாது. ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று கருவிக் கடைகளில் கிடைக்கும். அதன் ஊசி நுனியை மரத்தில் வைத்து 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அங்கே அழுகல் தொடங்க இடம் இருக்கிறது என்று அர்த்தம். வெளியே வந்து, வெயில் சாய்ந்த நேரத்தில் பக்கச் சுவரோடு கன்னத்தை ஒட்டி வைத்து நீளவாக்கில் பாருங்கள். பைபர்கிளாஸ் சுவரில் எங்காவது குமிழ் போல உப்பியிருந்தால் உள்ளே ஒட்டு விட்டுவிட்டது. அதைச் சரிசெய்யும் செலவு பல சமயம் ட்ரெய்லரின் விலைக்கே வந்துவிடும். நெளிநெளியான அலுமினியத் தகடு போட்ட மரச்சட்ட ட்ரெய்லர்களைப் பலர் மட்டம் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தகட்டைக் கழற்றி, கெட்ட மரத்தை மட்டும் மாற்றிவிடலாம்.

சுவரும் கூரையும் இரண்டே துண்டாக வார்த்த சின்ன பைபர்கிளாஸ் ட்ரெய்லர்களில் தண்ணீர் நுழையும் இணைப்புகள் குறைவு. கனடாவில் 1968-ல் தொடங்கிய போலர் என்ற ட்ரெய்லர்கள் இந்த வகைதான். இன்றைக்கும் சாலையில் ஓடுகின்றன. இரண்டு பேர் மட்டும் போவதானால் என் ஓட்டு இந்த வகைக்குத்தான். இடம் குறுகல், குனிந்து நிமிர வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

பக்கவாட்டில் அறை வெளியே நீளுமே, ஸ்லைடு, அதைப் பற்றியும் உங்கள் கட்டுரை நிறையப் புகழ்ந்திருந்தது. நின்ற இடத்தில் அது சுகம்தான். ஆனால் அது எடை, அது மோட்டார், அது சுவரில் போட்ட பெரிய ஓட்டை. கடையில் எல்லா ட்ரெய்லரிலும் ஸ்லைடை நீட்டித்தான் வைத்திருப்பார்கள். உள்ளே தள்ளச் சொல்லுங்கள். தள்ளிய பிறகு கழிப்பறைக்குப் போக முடிகிறதா, பிரிட்ஜைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். வழியில் நிறுத்தி ஒரு அவசரத்துக்கு உள்ளே போக வேண்டியிருந்தால், லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஸ்லைடை நீட்டிக்கொண்டிருக்க முடியாது. கட்டிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பாருங்கள். ட்ரெய்லரில் குவீன் என்று சொல்லும் கட்டில் பல சமயம் 75 அங்குல நீளம்தான், வீட்டுக் கட்டில் 80. உயரமானவர்களுக்கு அந்த ஐந்து அங்குலம் முதல் இரவிலேயே தெரியும். குளியலறையில் நின்று கையைத் தூக்கிப் பாருங்கள். கூச்சப்படாமல் அரை மணி நேரம் உள்ளே உட்காருங்கள், விற்பனையாளர் வெளியே காத்திருக்கட்டும்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம். 30 ஆம்ப் ட்ரெய்லரில் மொத்தமாகக் கிடைப்பது 3,600 வாட். ஏ.சி., மின்சார வெந்நீர்க் கொதிகலன், மைக்ரோவேவ் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். கோளாறு என்று அதற்காகப் பட்டறைக்கு வராதீர்கள். ஒன்றை அணைத்துவிட்டு ஒன்றைப் போடுங்கள். கேஸிலும் ஓடும் பிரிட்ஜ் என்றால் ட்ரெய்லர் சமமாக நிற்க வேண்டும். 12 வோல்ட் பிரிட்ஜ் என்றால் பேட்டரி வலுவாக இருக்க வேண்டும். எந்த பிரிட்ஜ் வேண்டும் என்பது எங்கே போய் நிறுத்தப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டயர். புதிதுபோல் பட்டன் தேயாமல் இருக்கும், அதை நம்ப வேண்டாம். ட்ரெய்லர் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், அதனால் டயர் தேய்வதற்குள் வயதாகிவிடும். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அந்த எண் சில சமயம் உள்பக்கம் திரும்பியிருக்கும். குனிந்து, தேவைப்பட்டால் படுத்தும் பார்க்க வேண்டும். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் புது டயர் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். ட்ரெய்லருக்கென்றே செய்யும் எஸ்.டி. டயர்களில் சிலவற்றுக்கு வேக வரம்பு மணிக்கு 105 கிலோமீட்டர். உங்கள் பிக்கப் அதற்கு மேலும் பறக்கும் என்பது டயருக்குத் தெரியாது.

நீளத்தையும் நேரில் அளந்துகொள்ளுங்கள். மாடல் பெயரில் இருக்கும் எண் பெரும்பாலும் வெளி நீளம் இல்லை. மூக்கையும் பம்பரையும் சேர்த்தால் மூன்று நான்கு அடி கூடும். முகாம் இடத்தில் நீள வரம்பு வைத்திருப்பார்கள், வீட்டிலோ வாடகை இடத்திலோ நிறுத்தவும் அதே நீளம் வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதிக்கு அதே அளவு ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. பின்னால் எடுக்கப் பழகும்போது கையை ஸ்டியரிங்கின் அடியில் வையுங்கள். ட்ரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். நீளமான ட்ரெய்லரைப் பின்னால் எடுப்பதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். குட்டி ட்ரெய்லர்தான் வெடுக்கென்று திரும்பிக்கொள்ளும்.

புதிது வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. புதிய ட்ரெய்லர்களும் எங்களிடம் வரிசையில் நிற்கின்றன. சரியாக இறுக்காத குழாய், சீலன்ட் பூசாமல் விட்ட ஒரு மூலை, எதிர்ப்பக்கம் ஓடும் காற்றாடி என்று சில்லறைக் குறைகள் நிறைய. கையொப்பம் போட்ட பிறகு இவற்றுக்காக நீங்கள் காத்திருக்கும் நாள்கள் உங்கள் விடுமுறை நாள்களாகத்தான் இருக்கும். எனவே ஒப்படைக்கும் நாளில் அரை நாள் ஒதுக்குங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் இணைத்து, கேஸைத் திறந்து எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெந்நீர் வருகிறதா, ஹீட்டர் பற்றுகிறதா, பிரிட்ஜ் குளிர்கிறதா, கேஸ் கசிவையும் கார்பன் மோனாக்ஸைடையும் காட்டும் கருவிகளின் காலாவதித் தேதி என்ன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொட்டியெல்லாம் நிரப்பி வைத்துவிட்டு, ஒரு டார்ச்சோடு தொட்டிக்கு அடியிலும் சிங்க்குக்குக் கீழேயும் ஈரம் தேடுங்கள். கண்ட குறையை எல்லாம் தாளில் எழுதி, அதில் அவர்களின் கையொப்பத்தையும் வாங்குங்கள். குளிர்காலத்தில் வாங்கினால், ‘குழாய் உறையாமலிருக்க ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஊற்றி வைத்திருக்கிறோம், இப்போது தண்ணீர் விட்டுக் காட்ட முடியாது’ என்பார்கள். அது நியாயமான காரணம்தான். காட்ட முடிகிற நாள்வரை பாக்கிப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பட்டறையில் வேலை செய்யும் உங்கள் வாசகர்